காதுக்கு மட்டும் ஒரு குடோன்

ராயபுரம் பாலத்துக்கு அடியில் சைக்கிளை நிறுத்தி, காஜா மொய்தீன் ஒரு தடவை பலமாகக் கைதட்டுகிறார். சத்தம் தூணில் பட்டுத் திரும்பி வந்து கரைகிறவரை கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். தங்களைத்தான் கூப்பிடுகிறாரோ என்று நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கு அதெல்லாம் கணக்கில்லை. மறுபடி மிதித்து டோல்கேட் போவார். அங்கே பஞ்சர் கடை மாடியில் அவருடைய ரெக்கார்டிங் ரூம். சுவரெல்லாம் கோணியும் பழைய மெத்தையும்.

கம்ப்யூட்டரில் எக்கோ கொடுக்கிற ப்ளகின் ஒன்று வைத்திருக்கிறார். தான் கைதட்டிக் கேட்ட இடங்களின் எக்கோவை அதில் திருகித் திருகிக் கொண்டுவந்து, அந்தந்த இடத்தின் பேரையே வைத்திருக்கிறார். பாலத்தடி, ஏலக்கூடம், விம்கோ நகர் ஷெட், குடோன்.

மற்ற ஸ்டுடியோவில் வெறுங்குரலைப் பிடித்து வைத்துக்கொண்டு, எக்கோவை மிக்ஸிங்கில்தான் சேர்ப்பார்கள். காஜா பாயோ, வந்தவர் பாடும்போதே எக்கோவைச் சேர்த்துப் பதிந்துவிடுவார். பதிந்தது பதிந்ததுதான், அப்புறம் பிரிக்க முடியாது. அங்கே டோலக் வாசிக்கப் போகிற நான், ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"தரையில நீச்சலடிக்க வுட்டுட்டு அப்பால தண்ணி ஊத்துவியா மாமு?" என்றார்.

அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஹார்பரில் மூட்டை இறக்குகிறவன் பாட வந்து ஹெட்போனை மாட்டுவான். முதல் வரியிலேயே குரலுக்குப் பின்னால் பெரிதாக ஒரு இடம் திறக்கும். தோள் தானாக இறங்கும். கீழே லாரிக்காரன் அடிக்கிற ஹாரன் அவன் காதில் ஏறாது. எங்கேயோ மிதக்கிற மாதிரி பாடிவிட்டு, இறங்க மனசில்லாமல் ஹெட்போனைக் கழற்றுவான்.

போன வெள்ளிக்கிழமை எர்ணாவூர் மலர்க்கொடி வந்தாள். எறால் உரிக்கிற கம்பெனியில் வேலை. ஒரு பாட்டுக் குழுவில் கோரஸுக்கு ஆள் எடுக்கிறார்களாம், குரலைப் பதிந்து சிடியாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

"எக்கோ கிக்கோ இருந்தா கேக்கவே மாட்டாங்களாம்ணே. அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும்."

எக்கோ இல்லாமல் மூன்று தடவை பாடினாள். தன் குரலைத் தானே மொட்டையாகக் கேட்கக் கேட்க அது சுருங்கிக்கொண்டே போனது. மூன்றாவது தடவை பல்லவியிலேயே நின்றுவிட்டாள்.

"எனக்கே கேக்க பேஜாரா கீதுண்ணே. வுட்ருங்க. எறாலே உரிச்சிகினு போறேன்."

ஒரு வழி இருக்கிறது, பாய்க்கும் தெரியும். பாடுகிறவர் காதுக்கு மட்டும் எக்கோவை அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரில் வெறுங்குரலைப் பதியலாம். அவர் செய்ததே இல்லை. "காதுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ஒண்ணா? இன்னா டுபாக்கூர் வேல இது" என்று, இதைச் சொன்ன என்னையே ரெண்டு தடவை விரட்டியிருக்கிறார்.

மணி நாலைத் தாண்டியது. கன்னத்தைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர் மவுசைப் பிடித்தார்.

"தங்கச்சி, உன்ன குடோனுக்குள்ள வுடறேன். கண்ண மூடிகினு பாடு. உள்ள நீ மட்டும்தான் கீற."

பாடினாள். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது வெறுங்குரல்தான். ஆனால் இப்போது அதில் அவசரமில்லை. ஒவ்வொரு வரி முடிவிலும், தூரத்துச் சுவர்வரை போன எதுவோ திரும்பி வரட்டும் என்று காத்திருந்தது. அந்தக் காத்திருப்பில் எனக்குக்கூட இருட்டான பெரிய குடோன் ஒன்று தெரிந்தது. மேலே ஓடு விலகின இடத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

வெளியே வந்தவளுக்குப் போட்டுக் காட்டினார். கடைசிவரை அசையாமல் கேட்டாள்.

"இது நானா?"

"பின்ன, மாமுவா பாடிச்சு?" என்று பாய் என்னைக் காட்டினார்.

அவள் சிரித்தாள். உடனே முகம் மாறியது. "மொட்டையா கீதுண்ணே. கொஞ்சூண்டு எக்கோ போடுங்களேன். அவங்களுக்குத் தெரியாத அளவுக்கு."

பாயின் கை தானாக மவுசுக்குப் போனது. திரையில் அம்பு ஊர்ந்துபோய் ப்ளகின்மேல் நின்றது. விரல் அழுத்தவில்லை. அப்படியே அவளைப் பார்த்தார்.

பிறகு மவுசைத் தூக்கி, மேசைமேல் மல்லாக்கப் போட்டார்.