ஜீப் வந்த நாளில் புகைந்த ரெசின்

"ரெண்டு பாட்டில்ல இருக்கறத ஒரு கப்புல ஊத்திக் கலக்குவேன், அது சூடாகி இறுகிரும்" என்று சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்தில் யாரிடமாவது என் தொழிலை விளக்கினால், கேட்பவர் முதலில் இரண்டடி பின்னால் போவார். அப்புறம்தான் "அப்படியா?" என்பார். எங்கள் பக்கம் கலக்குவது என்றால் ஒன்றே ஒன்றுதான். பட்டாசுக்குள் போகும் மருந்து. அதற்குத் தனி அறை, தனி ஆள், லைசென்ஸ் எல்லாம் உண்டு. ஒரு பொம்பளை வாடகை வீட்டு அடுப்படியை ஒட்டி உட்கார்ந்து கலக்கினால் ஊர் என்ன நினைக்கும்?

நான் கலக்கியது ரெசின். கண்ணாடி மாதிரி இறுகும் பிசின். காய்ந்த பூ, ஜிகினாத் தூள், பட்டு நூல், உடைந்த வளையல் துண்டு, பிரஸ்களில் வெட்டிக் கழித்த தங்கநிறக் காகிதம் என்று எதை உள்ளே வைத்து ஊற்றினாலும் அது ஜிமிக்கியாகவோ டாலராகவோ வெளியே வரும். இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த ரெசின் மஞ்சளாகாது, இன்ஸ்டாவில் ஆர்டர் பிடிப்பது எப்படி என்பதுதான். அதையெல்லாம் போனே சொல்லிக் கொடுத்துவிடும். போன் சொல்லிக் கொடுக்காத ஒன்று என் அனுபவத்தில் இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

1. காம்பவுண்டுக்குள் கெமிக்கல் கூடாது

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நான் பட்டாசுக் கம்பெனியில் கிப்ட் பாக்ஸ் பேக்கிங்கில் இருந்தவள். கம்பெனி மூடிக் கிடந்த மாதங்களில் போனைப் பார்த்து ரெசின் வேலை பழகினேன். முதலில் செய்த டாலர் சரியாக இறுகவில்லை. அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போன என் நாத்தனார் திரும்பி வரும்போது சங்கிலி கழுத்தில் இருந்தது, டாலர் சேலையில் ஒட்டியிருந்தது. சேலையைத்தான் வெட்ட வேண்டியதாயிற்று. அவள் இன்றுவரை என்னிடம் எதுவும் வாங்குவதில்லை.

கை பழகியதும் கம்பெனி வேலையை விட்டேன். என் வீட்டுக்காரர் செல்வம் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நாங்கள் குடியிருந்தது தங்கப்பாண்டி அண்ணாச்சி காம்பவுண்டில். முன்னால் அண்ணாச்சி வீடு, பக்கவாட்டில் எங்கள் போர்ஷன், பின்னால் ஒரு தகரக் கொட்டகை. கொட்டகையில் அட்டைப்பெட்டி அடுக்கியிருப்பதாக அண்ணாச்சி சொல்லுவார். அந்தக் குடோன் வாசலில் மணல் வாளி வரிசையாகத் தொங்கும். 'தீப்பெட்டி, செல்போன் கொண்டு வராதீர்' என்று போர்டு வேறு. அட்டைப்பெட்டியை அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

காலையில் மூன்று பெண்கள் தூக்குவாளியோடு அந்தக் கொட்டகைக்குப் போவார்கள். அதில் ஒருத்தி மாரி. சாயங்காலம் எங்கள் குழாயில்தான் கை கழுவுவாள். எவ்வளவு தேய்த்தாலும் நக இடுக்கில் வெள்ளி நிறம் போகாது. அட்டைப்பெட்டி ஒட்டும் கையில் அலுமினியப் பொடி எப்படி வரும் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதற்கு எங்கள் பக்கம் மரியாதை என்று பேர்.

அண்ணாச்சிக்கு என் தொழில் மட்டும் கண்ணை உறுத்தியது. வாடகை வாங்க வரும்போதெல்லாம் பாட்டில்களைப் பார்த்து முகம் சுளிப்பார்.

"ஏத்தா ராணி, காம்பவுண்டுக்குள்ள கெமிக்கல் கூடாதுத்தா. புள்ளகுட்டி நடமாடுற எடம். சேப்டி முக்கியம்ல?"

"இது வெடிக்காது அண்ணாச்சி. நகை செய்யறது."

"எல்லாம் வெடிக்கிற வரைக்கும் வெடிக்காததுதான்" என்றுவிட்டுப் போவார். அனுபவஸ்தர்.

2. டீச்சர் கொண்டுவந்த மாலை

அந்தக் கோடையில் ஆமத்தூரிலிருந்து எஸ்தர் டீச்சர் வந்தார். மகளின் கல்யாண மாலையை நிழலில் காய வைத்து, ரோஜா இதழ்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அவற்றை வைத்து நெக்லஸ், ஜிமிக்கி, ஒரு வளையல் வேண்டும். மகள் வெள்ளிக்கிழமை பிளேன் ஏறுகிறாள், புருஷன் வேலை பார்க்கும் நாட்டுக்கு.

"ஹேண்ட்மேடா இருக்கணும் ராணி. ஆனா பார்த்தா கடையில வாங்கின மாதிரி இருக்கணும்" என்றார்.

எல்லாக் கஸ்டமரும் கேட்பதுதான். கையால் செய்ய வேண்டும், ஆனால் கை பட்ட அடையாளம் இருக்கக் கூடாது. நான் தலையை ஆட்டினேன். டப்பாவை என் கையில் கொடுத்தவர் உடனே விடவில்லை.

"இது அவ அப்பா பூக்கடையில நின்னு, ஒவ்வொரு பூவா பார்த்துக் கட்டச் சொன்ன மாலை. கல்யாணம் முடிஞ்ச மறு மாசம் அவர் தவறிட்டார். வேற மாலை இல்ல ராணி. ஒரு இதழ்கூட வீணாகிரக் கூடாது."

அதன்பிறகு தினமும் போன். "இதழ் நல்லாருக்கா?" என்றுதான் கேட்பார். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரை விசாரிப்பது போல இருக்கும்.

3. திரி இல்லாத உருண்டைப் பொருள்

ரெசினை மொத்தமாக ஊற்றக் கூடாது. முதலில் அச்சில் மெல்லிசாக ஒரு படலம். அது பாதி இறுகியதும் இதழை அடுக்கி, மேலே இரண்டாவது படலம். அன்று காலை நான் இதழ்களை அடுக்கி முடித்துவிட்டேன். நெக்லஸ், ஜிமிக்கி, வளையல் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கப்பில் நிறையக் கலக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஜீப் வந்து நின்றது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணாச்சி வேகமாகப் பின்பக்கம் போய்க் கொட்டகைக் கதவில் பூட்டைப் போட்டார். திரும்பி வரும்போது துண்டால் முகத்தைத் துடைத்துச் சிரிப்பைப் போட்டுக்கொண்டார்.

"வாங்க மேடம், வாங்க. வெயில்ல வந்திருக்கீக. மோர் சாப்பிடுதீகளா?"

வந்தது ஆய்வுக் குழு. ஒரு ஆபீசரம்மா, எழுதுவதற்கு ஒரு கிளார்க், துணைக்கு ஒரு கான்ஸ்டபிள்.

"இந்தக் காம்பவுண்டுல அனுமதியில்லாம மருந்து கலக்குறதா போன் வந்திருக்கு" என்றார் ஆபீசரம்மா.

அண்ணாச்சி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. நேராக என் கதவைக் காட்டினார். "நானே சொல்லணும்னு இருந்தேன் மேடம். இந்தப் புள்ளதான் ரெண்டு பாட்டில வச்சுக்கிட்டுக் கலக்குது. எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன். கேக்கவே மாட்டேங்குது."

மூவரும் உள்ளே வந்தார்கள். ஏ என்றும் பி என்றும் எழுதிய பாட்டில்கள், டப்பா டப்பாவாகக் கலர் பொடி, கொக்கி, கம்பி, நூல், துண்டுக் காகிதம். அவர்கள் பார்வையில் பார்த்தால் எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது.

"இது என்ன பொடி?"

"மைக்காப் பொடி மேடம். மினுமினுப்புக்கு."

"எரியுமா?"

"எரியாது மேடம். காதுல தொங்கும்."

கான்ஸ்டபிள் ஒரு தோட்டுக் கொக்கியை எடுத்து, "இது திரி மாட்டறதுக்கா?" என்று கேட்டார். கிளார்க் சாமான்களைப் பட்டியல் போட்டு மகஜர் எழுதத் தொடங்கிவிட்டார். ஜிமிக்கியில் பேனா நின்றுவிட்டது.

"இதுக்கு என்ன மேடம் எழுதறது?"

ஆபீசரம்மா யோசித்தார். "திரி இல்லாத, உருண்டை வடிவப் பொருள்னு எழுதுங்க."

என் கவலையெல்லாம் கையிலிருந்த கப்பில் இருந்தது. "மேடம், இத இப்பவே அச்சுல ஊத்தணும். கப்புலயே விட்டா சூடாயிரும்."

"சூடாகுமா?" என்று நிமிர்ந்தவர் கிளார்க் பக்கம் திரும்பினார். "எழுதுங்க. சூடாகும்னு தானே ஒத்துக்கிட்டாங்கன்னு எழுதுங்க. கப்பக் கீழ வைம்மா. இனிமே அதத் தொடக் கூடாது. சாட்சிப் பொருள்."

வைத்துவிட்டேன். வேறு என்ன செய்வது?

தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். ரெசின் இறுகும்போது தானாகவே சூடு விடும். அச்சில் பரவி நின்றால் அந்தச் சூடு தெரியாது. ஆழமான கப்பில் நிறைய நின்றால் வெளியே போக வழியில்லாமல் அந்தச் சூடே அதை மேலும் சூடாக்கும். எங்கள் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். கப்பு நெளியும், புகை வரும், நெடி தலையைச் சுற்றும். அவ்வளவுதான். வெடிக்காது.

இவ்வளவையும் விளக்க அன்று யாரும் எனக்கு நேரம் கொடுக்கவில்லை.

4. யார் எந்தப் பக்கம் ஓடினார்கள்

கிளார்க் நூல் கண்டுகளுக்கு வந்திருந்தார். கப்பின் விளிம்பு மெல்ல உள்ளே மடிந்தது. சுர்ரென்று ஒரு சத்தம். பிறகு வெள்ளைப் புகை.

"பயப்படாதீங்க, புகை மட்டும்தான்" என்று நான் சொன்னேன். சிவகாசிப் பக்கத்தில் இதைவிட உதவாத வாக்கியம் கிடையாது. நான் முடிக்குமுன் அறை காலி. ஆபீசரம்மா வேப்பமரத்துக்குப் போனார். கான்ஸ்டபிளும் கிளார்க்கும் மறைவாக நிற்க இடம் தேடிப் பின்பக்கம் ஓடிக் கொட்டகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

அதைப் பார்த்த அண்ணாச்சியின் முகம் சாம்பலாகிவிட்டது.

"அங்கன போகாதீக! ஐயோ, அங்கன நிக்காதீக!" என்று கத்திக்கொண்டே அவர் தெருப்பக்கம் ஓடினார். ஒரு செருப்பு வாசலிலேயே கிடந்தது. எதிர் டீக்கடை தாண்டியும் நிற்கவில்லை. அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று அவர் வீட்டம்மாவுக்கே தெரியாதாம்.

அதுவரை எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாகத்தான் இருந்தது. அப்போதுதான் கொட்டகைக்குள்ளிருந்து தகரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது.

"கதவத் தொறங்க! அண்ணாச்சி, கதவத் தொறங்க! பொக வருது!"

மாரியின் குரல். உள்ளே மூன்று பேரும் இருந்தார்கள். தகர இடுக்கு வழியாகப் புகையைப் பார்த்திருக்கிறார்கள். தங்களைச் சுற்றி என்ன கிடக்கிறது என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? என் கப்பு வெடிக்காது என்பது எனக்குத் தெரியும். பூட்டிய கொட்டகைக்குள் இருப்பவர்களுக்கு அதை யார் சொல்வது? இடுக்கியால் கப்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, வெட்டவெளித் தரையில் வைத்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் போய்க் கத்தினேன். "மாரி, அது என் பிசின்தான்! தீ இல்ல! தட்டாதீக, உள்ள எதையும் தட்டி விட்டுராதீக!"

கான்ஸ்டபிள் பூட்டை உடைக்கக் கல்லைத் தூக்கினார். "கல்லக் கீழ போடுய்யா, பொறி பறக்கும்!" என்று ஆபீசரம்மா அலறினார். அவருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. கான்ஸ்டபிள் ஓடிப்போய் அண்ணாச்சியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

"உள்ள என்ன இருக்கு?"

"அட்டைப்பெட்டி மேடம்."

"அட்டைப்பெட்டி எதுக்குய்யா கத்துது?"

அண்ணாச்சி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

பெண்கள் வெளியே வந்தார்கள். முழங்கை வரை வெள்ளி. பின்னிய பட்டாசுச் சரம் அவர்களுக்குப் பின்னால் மலையாகக் கிடந்தது, மூலையில் மருந்து மூட்டை. மாரி ஆபீசரைப் பார்க்கவில்லை, ஜீப்பைப் பார்க்கவில்லை. நேராக அண்ணாச்சி முன்னால் போய் நின்றாள்.

"நாங்க உள்ள இருக்கோம்னு தெரிஞ்சுதான பூட்டுனீக?"

"ஒங்க நல்லதுக்குத்தான் பூட்டுனேன் மாரி. ஆபீசருக பாத்தா ஒங்களுக்குத்தான வேலை போகும்?"

அவர் அதை மனதாரச் சொன்னார் என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். மாரி அவரை விட்டு விலகி நடந்தாள். எங்கள் படியில் வந்து உட்கார்ந்தாள். நான் கொடுத்த சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டாள்.

5. கோடு

கொட்டகைக்குச் சீல் வைத்து, அண்ணாச்சியை ஜீப்பில் ஏற்றினார்கள். என் சாமான்களைத் திருப்பித் தரும்போது ஆபீசரம்மா அச்சிலிருந்த இதழ்களைப் பார்த்து என்ன பூ என்று கேட்டார். மாலையின் கதையைச் சொன்னேன். "நல்லபடியா செஞ்சு குடும்மா" என்றார். கிளம்பும்போது, பொண்ணு பேர் போட்டு ஒரு கீ செயின் செய்து தர முடியுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அது எரியுமா என்று கேட்கவில்லை.

முதல் படலம் அதற்குள் முழுக்க இறுகிவிட்டது. இதழ் படாத இடங்களை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதிதாகக் கலக்கி ஊற்றினேன். ஒட்டிக்கொண்டது. ஆனால் நடுவில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழுந்தது. டீச்சர் நெக்லஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன ராணி, கோடு?"

நடந்ததைச் சொன்னேன். இதழ் பற்றி ஏதாவது சொல்லுவார் என்று பயந்து நின்றேன்.

"அந்தப் பிள்ளைங்க மூணு பேரும் நல்லா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். மகள் அந்தக் கோட்டோடுதான் பிளேன் ஏறினாள். ஸ்டாப் ரூம் முழுக்கக் கதை பரவி, அந்த வருஷம் டீச்சர்மார் ஆர்டரே எனக்குப் போதுமாக இருந்தது.

அண்ணாச்சி சீக்கிரமே ஜாமீனில் வந்தார். வந்த அன்று வாசலில் வேட்டு போட்டு வரவேற்றார்கள். லைசென்ஸ் உள்ள வேட்டுதான் என்று கேள்வி. மறுநாள் எங்களை வீட்டைக் காலி செய்யச் சொன்னார். "நீ கெமிக்கல் வச்சதாலதானத்தா இம்புட்டும்?"

ஆமத்தூரில் வீடு பார்த்தோம். முன்னறையை வேலைக்கென்று ஒதுக்கிக்கொண்டேன். ஒரு நாள் மாரி அங்கே தேடி வந்தாள். தாயில்பட்டியில் இன்னொரு கொட்டகைக்குக் கூப்பிட்டார்களாம், போகவில்லையாம். என்னிடம் வேலை இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். கூலி கேட்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் திறந்து பார்த்தாள்.

"மதினி, வெளிய ஒரு தாப்பா இருக்கே, அது எதுக்கு?"

"வீட்டுக்காரங்க போட்டது. சும்மா கெடக்கு."

"சும்மா கெடக்கறதக் கழட்டிருவமா? நாளைலருந்து வந்துருதேன்."

திருகாணி துருப்பிடித்து இறுகியிருந்தது. கம்பி வளைக்கும் பிளையரைக் கொடுத்தேன். மாரியே கழற்றினாள். என்னிடம் அவள் செய்த முதல் வேலை அதுதான். கொஞ்சமாகக் கலக்குங்கள், உடனே ஊற்றுங்கள், கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்பதெல்லாம் இரண்டாம் பாடம். வேலைக்குப் போகும் இடத்தில் கூலியைக் கேட்பதற்கு முன்னால், தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.