ராமு அண்ணனின் இலையில் இரண்டு பாதுஷா

போன புதன்கிழமை கரிக்கலாம்பாக்கத்தில் என் பெரியப்பா மகன் ராமு அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம். காலை 9.20-க்குப் போய்ச் சேர்ந்தேன். போட்டோவுக்கு முன்னால் தலைவாழை இலை. அவருக்குப் பிடித்ததை எல்லாம் வைத்துப் படைக்க வேண்டும், இல்லையா?

எட்டிப் பார்த்தேன். கேழ்வரகுக் கூழ்... பாகற்காய்ப் பொரியல்... சர்க்கரை இல்லாத பிஸ்கட் — ஒரு பாக்கெட், பிரிக்காமல்!

அண்ணனுக்குப் பன்னிரண்டு வருடமாக சுகர். வீட்டில் அவர் சாப்பிட்டது இவ்வளவுதான். "அவருக்கு இதான்பா உசுரு" என்று அண்ணி கண் கலங்கினார்.

அப்போதுதான் டீக்கடை செல்வம் வந்தார். கையில் பேப்பர் பொட்டலம். தயங்கித் தயங்கி இலையில் பிரித்தார். இரண்டு பாதுஷா.

"இன்னா செல்வம் இது? அவரு இனிப்பையே தொட மாட்டாரே!"

"மன்னிச்சிக்கங்க அண்ணி. டெய்லி சாயங்காலம் ரெண்டு துன்னுட்டுதான் வூட்டுக்கு வருவாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு."

அண்ணி பாதுஷாவைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார்.

"அடப்பாவி மனுசா... வாக்கிங், வாக்கிங்னு இதுக்குத்தான் போனியா?"

அழுதுகொண்டே சிரித்தார். பிஸ்கட் பாக்கெட்டை இலையிலிருந்து அவரே எடுத்துவிட்டார்.

பாகூருக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. சாவைப் பற்றி அல்ல — அது வருகிறபோது வரட்டும். என் இலையில் என்ன வைப்பார்கள்?

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"ஓட்ஸ்."

டைரிகளைப் புரட்டினேன். பி.பி. வந்த நாளிலிருந்து சாப்பிட்டதை எல்லாம் நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். ஓட்ஸ், 8.10. ஓட்ஸ், 8.10. ஒரே ஒரு நாள் 8.15. பிடித்தது என்று எங்கேயும் ஒரு வார்த்தை இல்லை. அவளை எப்படிக் குறை சொல்வது? பயந்து பயந்து சாப்பிட்டதையே பிடித்துச் சாப்பிட்டதாக நினைத்து, அன்போடு இலையில் வைத்துவிடுகிறார்கள். வாயைத் திறந்து சொல்லாதது நாம்தானே!

சொல்லிவிட்டேன்.

"எனக்குப் புடிச்சது நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு. இலையில அதத்தான் வைக்கணும். ஞாபகம் வச்சுக்கோ."

"இன்னா பேசறீங்க? காரியத்துல யாராச்சும் கவுச்சி வைப்பாங்களா? அண்ணன் மாரி பாதுஷா கேட்டாகூட பரவால்ல. கருவாடுன்னா... உசுரோட இருக்கச்சயே துன்னாதான் உண்டு!"

சாவை நினைத்தால் சிலருக்குக் காசி ஞாபகம் வரும். எனக்குக் கருவாடு!

ஞாயிற்றுக்கிழமை, உப்புப் போக மூன்று முறை வெந்நீரில் அலசிய கருவாட்டில் குழம்பு வைத்தாள். அன்றைய டைரிக் குறிப்பு இது:

'மதியம் 1.10. கருவாட்டுக் குழம்பு, இரண்டு கரண்டி. மாத்திரை போட்டாச்சு. பிடித்திருந்தது.'

எங்கள் டாக்டர் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை — விசாரித்துவிட்டேன்.