சாச்சியின் கைமெஷின்

மண்ணெண்ணெயும் துருவும் கலந்த அந்த நாற்றம் எங்கள் சாய்ந்தமருது வீட்டு முற்றத்தில் பல நாட்கள் கிடந்தது. கடல் ஊருக்குள் புகுந்து போன பிறகு, உம்மாவின் தங்கையான சாச்சியின் வளவில் மணலைத் தோண்டி வாப்பா எடுத்துவந்த கைத்தையல் மெஷினை ஒரு பேசினுக்குள் ஊறப்போட்டிருந்தார்கள். சாச்சி கிடைக்கவில்லை, அவர் ஊருக்கெல்லாம் பெருநாள் சட்டை தைத்த அந்த மெஷின்தான் கிடைத்தது. அதை எப்படியாவது ஓடவைத்துவிட வேண்டும், ஆனால் அதில் ஓர் ஆணிகூட மாறிவிடக் கூடாது என்பது உம்மாவின் பிடிவாதம்.

திருத்த வந்த காசிம் நானாவை உம்மா முதல் நாளே நம்பவில்லை. திருத்துகிறவர்கள் பழைய நல்ல இரும்பைக் கழற்றிக்கொண்டு "பசார்ச் சாமான்" பூட்டிவிடுவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. "ஒட்டகத்தக் கட்டிப்போட்டுட்டுத்தான் அல்லாஹ்வ நம்பணும்" என்பது, ஒட்டகத்தைக் கண்ணாலும் கண்டிராத உம்மா ஓயாமல் சொல்வது. அவரும் தையல்காரிதானே! கழற்றிய ஒவ்வோர் இரும்புத் துண்டிலும் சிவப்பு நூலைச் சுற்றி, தனக்கு மட்டும் தெரிந்த ஒரு முடிச்சைப் போட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் தொற்றிக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எதையாவது ஒளித்திருக்கிறாரா என்று காசிம் நானாவின் சாரன் மடிப்பைத்தான் முதலில் பார்ப்பேன்.

பல் தேய்ந்துபோன சக்கரத்தை அவர் கல்முனையில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய், பித்தளை உருக்கி வைத்து, புதுப் பல் அராவிக்கொண்டு வந்தார். பல்லெல்லாம் மஞ்சளாக இருந்தது. நூலைக் காணவில்லை.

"இது என்ட சாமான் இல்ல நானா. என்ட முடிச்சு எங்க?" என்றார் உம்மா.

"நெருப்புக்குள்ள வெச்சா நூல் எரியாம என்ன செய்யும் புள்ள?" என்று காசிம் நானா சிரித்தார். சக்கரத்தைத் திருப்பி, விளிம்பில் முன்பே உடைந்திருந்த இடத்தைக் காட்டினார். உம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் மறுநாள் முதல், நூலுக்குப் பதிலாக ஆணியால் கீறி அடையாளம் வைத்தார்.

'என்ட சாமான் இல்ல' என்ற அந்த வார்த்தை காசிம் நானாவைச் சுட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் பூட்டி முடித்த அன்று, எவரும் கேட்காத ஒன்றையும் செய்துகொண்டு வந்திருந்தார். சக்கரத்தைச் சுற்றும் மரக்கைப்பிடியை முதிரை மரத்தில் புதிதாகக் கடைந்து பொலிஷ் போட்டிருந்தார். மரம் என்பதால் பழையதில் எவரும் நூல் கட்டவில்லை. அவர் அதை அளவுக்கென்று எடுத்துப் போனதையும் கவனிக்கவில்லை.

"பழசு தேஞ்சு, பெருவிரல் அளவுக்குக் குழி விழுந்து கெடந்திச்சி புள்ள. அடுப்புக்குள்ள போட்டுட்டன். இது என்ட சந்தோசத்துக்கு."

ஓர் ஆணிக்காகச் சண்டைக்கு நின்ற உம்மா அவருக்குத் தேநீர் கொடுத்து, கையேந்தித் துஆச் செய்து அனுப்பிவைத்தார். அவர் போன பிறகு அந்த வழுவழுப்பான கைப்பிடியில் பெருவிரலை அங்கும் இங்கும் நகர்த்தித் தேடினார். பிறகு ஓவென்று அழுதார். அந்தக் குழி சாச்சியின் விரல் பட்டுப் பட்டு விழுந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மெஷின் இப்போது என் வீட்டில் இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. இன்றைக்கும் எவராவது எதையாவது திருத்த வந்தால் நான் பக்கத்திலிருந்து அசைய மாட்டேன். மெஷினின் இரும்பெல்லாம் சாச்சியுடையதுதான், ஒன்றும் மாறவில்லை. அவருடைய வீடு இருந்த இடத்தில் வெறும் மணல். உடல் கிடைக்காததால் அவருக்குக் கபுரும் இல்லை. உம்மா விரல் வைத்துப் பார்க்க அந்த ஒரு குழிதான் மிஞ்சியிருந்தது. அதற்குத்தான் நாங்கள் காவல் வைக்கவில்லை.