திருடனா, பைத்தியமா

அறுபதுகளின் நடுவில் ஓர் அமாவாசையன்று காலை, செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸை என் அண்ணன் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். டிரைவரும் கண்டக்டரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அங்காளம்மனைப் பார்க்கப் புறப்பட்ட இருபது முப்பது பேர். அவர்களை எதிர்த்திசையில் இருக்கும் பனமலை ஏரிக்கரையில் நிறுத்தி, "ஆத்தா இன்னிக்கி இங்க வந்துட்டா, எறங்கிக் கும்பிடுங்க" என்றாராம். சிலர் கும்பிடவும் செய்தார்கள்.

அதற்கு முன் பத்து நாளாக அவர் தூங்கவில்லை. லாரி ஓட்டுவதை விட்டு எங்கள் மளிகைக் கடைக்கு வந்திருந்தவர், அங்கே மிளகாய் மூட்டைகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "உடம்புச் சூடு" என்று தலையில் எண்ணெய் வைத்ததோடு எங்கள் வைத்தியம் முடிந்தது.

போலீஸ் திருட்டு வழக்குப் போட்டது. வீட்டுக்கு வந்த வக்கீல், "புத்தி சரியில்லாதப்ப செஞ்சது குத்தமாகாது. நிரூபிச்சா தண்டனை கெடையாது" என்றார். நைனா பதறிவிட்டார்.

"திருடனாவே இருக்கட்டும் சார். மூணு மாசம் உள்ள இருந்துட்டு வந்துடுவான், ஊரு மறந்துடும். பைத்தியம்னு கோர்ட்டுல எழுதிட்டா இவள எவன் கட்டிப்பான்?"

இவள் என்பது நான். வயது பத்தொன்பது. அதுவரை பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவனும் அண்ணன் ஜெயிலுக்குப் போகிற அளவுக்குப் பெறுமானம் உள்ளவன் இல்லை. நானே சாட்சி சொல்லப் போனேன். நைனா என்னோடு பேசுவதை நிறுத்தினார். வீடு நிம்மதியாக இருந்தது.

கோர்ட்டில் பஸ்ஸில் போன ஓர் அம்மாள், "எப்பவும் ஓட்றவர விட நல்லாவே ஓட்டினாருங்க, ஒரு பள்ளத்துலகூட உடல" என்றாள். அரசு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நிதானமாக ஓட்டியவனா பைத்தியம் என்று என்னைக் கேட்டார்.

"அவருக்கு ஓட்டத் தெரியும்ங்க. எங்க போறோம்னுதான் தெரியல" என்றேன்.

பத்து நாள் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். மிளகாய் மூட்டை வந்ததும் கோர்ட்டே சிரித்தது. கூண்டில் நின்ற அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தெளிந்துவிட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டாக்டரும் நான் சொன்னதையே இங்கிலீஷில் சொன்னார். குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு. நான் குதிரைவண்டியே பேசிவிட்டேன். ஆனால் வீட்டுக்கு அனுப்பவில்லை. மெட்ராஸில் மனநல ஆஸ்பத்திரியில் காவலில் இருக்க வேண்டுமாம். எத்தனை நாள் என்று கேட்டேன். அதெல்லாம் சொல்ல முடியாது என்றார்கள். திருடன் என்றிருந்தால் சில மாதம். குற்றமில்லாதவர் என்பதால் இரண்டரை வருடம்.

மாத்திரையில் உடம்பு தேறித்தான் வந்தார். வந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"நீ சொன்னது அத்தனையும் நெசந்தான் பாப்பா. கொஞ்சம் கம்மியா சொல்லியிருக்கலாம்."

சிரிப்பாரா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. அன்று முழுக்க அவர் எதிரில் போகாமல் அடுப்படியிலேயே கிடந்தேன். சாயங்காலம் அவரே வந்து, "இன்னா, சோறு கெடைக்குமா?" என்றார். போட்டேன்.