புற்றுநோய்க்கு நான் போட்ட கிரேஸ் மார்க்

“மிஸ், உங்களுக்கு சயின்ஸ் சுத்தமா தெரியாதுதானே?”

போன சனிக்கிழமை காலை, காபி டம்ளரை வாயில் வைக்கிற நேரத்தில் இந்தக் கேள்வி வந்து விழுந்தது. கேட்டவள் எங்கள் மாடியில் குடியிருக்கும் ரம்யா. பெங்களூர் ஓரத்து ஆனேக்கல் பெண், பேச்சில் கன்னடம் எட்டிப் பார்க்கும். ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் மார்பகப் புற்றுநோய் செல்களோடு மூன்று வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவள்.

நான் பெங்களூர் விவேக் நகர் பக்கம் முப்பது வருஷம் டீச்சர் வேலை பார்த்தவள். சோஷியல் ஸ்டடீஸ். ஏரியாவில் பாதிப் பேருக்கு நான் ‘மிஸ்’தான். என்னைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா?

“தெரியாது. அதுக்கென்ன இப்போ?” என்றேன், கொஞ்சம் உர்ரென்று.

“சூப்பர் மிஸ்! அப்ப எனக்கு நீங்கதான் வேணும்.”

எத்தனையோ இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறேன். ஒன்றும் தெரியாது என்பதற்காக எனக்கு வேலை கிடைத்தது இதுதான் முதல் தடவை.

லேப்டாப்பை டைனிங் டேபிளில் வைத்துத் திறந்தாள். பதினெட்டு படங்கள். எல்லாம் சாம்பல் நிறம். இரண்டு பக்கமும் பொடிப்பொடியாக செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெற்றுப் பாதை. சில படங்களில் பாதை அகலம், சிலவற்றில் குறுகல், சிலவற்றில் கிட்டத்தட்ட மூடியே விட்டது.

விஷயம் இதுதான். தட்டு முழுக்கப் புற்றுநோய் செல்களை வளர்க்கிறார்கள். நடுவில் ஒரு கோடு கீறுகிறார்கள். ஒரு நாள் கழித்துப் படம் எடுக்கிறார்கள். பாதி தட்டுகளில் ஒரு குறிப்பிட்ட ஜீனை அமுக்கி வைத்திருக்கிறார்கள், மீதியில் அப்படியே விட்டிருக்கிறார்கள். கோடு எவ்வளவு மூடியிருக்கிறது என்று அளந்தால், அந்த ஜீன் என்ன செய்கிறது என்று தெரியும்.

“ஏன், நீயே அளக்கக் கூடாதா?”

“எனக்கு என்ன வரணும்னு ஆசை இருக்கே மிஸ். கண்ணு தானா அந்தப் பக்கம் சாயும். லேப்ல எல்லாருக்கும் அதே கதைதான். கம்ப்யூட்டர்ல விட்டா மங்கலான படத்தை எல்லாம் ஏடாகூடமா அளக்குது. அதான் ஃபாத்திமா கிட்ட சொல்லி படத்துக்கெல்லாம் வெறும் நம்பர் போட வெச்சிட்டேன். எது எதுன்னு அவளுக்கு மட்டும்தான் தெரியும்.”

ஃபாத்திமா அவளோடு வேலை பார்க்கும் தோழி.

இதே சோதனை ஏற்கெனவே இரண்டு தடவை சரியாக வந்துவிட்டதாம். மூன்றாவது தடவையும் வந்தால்தான் வெளியே சொல்ல முடியும். திங்கட்கிழமை அவளுடைய கைடு உட்கார்ந்து பார்க்கப் போகிறார். வராவிட்டால்? மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது படுத்துவிடும். அந்தப் பெண் கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்து, தலை வாராமல் நின்றாள். எனக்குப் பாவமாக இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்... ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே நோய்க்கு என் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன், வாய் உட்பட. ஆனால் அந்தச் செல்களை நேருக்கு நேர் பார்ப்பது இதுதான் முதல் முறை. இத்தனை பாடுபடுத்தியது இந்தப் பொடிசுகளா?

விதி எளிமையானதுதான். கூட்டம் எங்கே முடிகிறதோ அதுதான் கரை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மவுஸால் கோடு இழுக்க வேண்டும். நடுவில் ஒண்டியாக எட்டிப் பார்க்கிற செல்லைக் கணக்கில் எடுக்கக் கூடாது. சொல்லிவிட்டு ரம்யா குளிக்கப் போய்விட்டாள்.

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் அளந்தேன். நாலைந்து படம் போனதும் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. கீறல் என்றால் காயம். காயம் மூடினால் நல்லது. இது எந்தக் குழந்தைக்கும் தெரியாதா? மூடாத படங்களைப் பார்க்கப் பார்க்க மனசு அடித்துக்கொண்டது. ஐயோ, இந்தப் பெண்ணுக்கு வராமல் போய்விடுமோ?

அப்புறம் என் கை தன் பழைய வேலையைச் செய்தது. எஸ்.எஸ்.எல்.சி. பேப்பரில் முப்பத்துமூன்று வாங்கி நிற்கிற பிள்ளையைப் பார்த்தால், எங்காவது ஒரு வரியைத் தேடி இரண்டு மார்க் போட்டு முப்பத்தைந்தாக்கிவிடுகிற கை இது. அகலமாகத் திறந்து கிடந்த படங்களில் நடுவே ஒண்டியாக நின்ற செல்லையெல்லாம் கரை என்று வைத்து, கோட்டைச் சின்னதாக இழுத்தேன். பாஸ். அடுத்ததும் பாஸ். பதினெட்டும் முடிந்தபோது, ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றிவிட்ட திருப்தி எனக்கு!

ரம்யா வந்தாள். ஃபாத்திமாவிடமிருந்து வாட்ஸப்பில் பட்டியல் வந்தது. என் அளவுகளைப் பிரித்துப் போட்டுப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

“என்னாச்சும்மா?”

“வித்தியாசமே இல்ல மிஸ். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு.” லேப்டாப்பை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனாள். “மூணாவது தடவை கைய விட்டுடுச்சு. பரவால்ல, சயின்ஸ்னா இப்படித்தான்...”

மெதுவாகக் கேட்டேன்.

“ரம்யா, அந்தக் கோடு மூடினா நல்லதா, மூடலைன்னா நல்லதா?”

“மூடக் கூடாது மிஸ்! கேன்சர் செல் நகர்ந்து நகர்ந்துதானே மத்த இடத்துக்குப் பரவுது? அந்த ஜீன்தான் அதைக் கிளப்பி விடுதுன்னு நாங்க நினைக்கிறோம். ஜீனை அமுக்கிட்டா, செல்லு போகாம இருந்த இடத்துலயே உட்காரணும். பாதை திறந்தே இருக்கணும்.”

அடப்பாவி!

நான் யாருக்குக் கிரேஸ் மார்க் போட்டிருக்கிறேன்? சமர்த்தாக உட்கார்ந்திருந்த செல்களை எல்லாம் “ஓடி வந்துவிட்டன” என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் மார்பைத் தின்ற நோய்க்கு நானே கை பிடித்துச் சாலையைக் கடக்க உதவியிருக்கிறேன்!

சொல்லிவிட்டேன். முழுதாக. வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். ரம்யா என்னை முறைத்தாள். பிறகு அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று பயந்துபோய்க் கிட்டே போனால்... சிரிக்கிறாள்.

“அய்யோ தேவ்ரே! கேன்சர் செல்லைப் பாஸ் போட்டு விட்டீங்களா மிஸ்?”

“குடு, திரும்ப ஒழுங்கா அளக்கறேன்.”

“பேடா மிஸ், வேணாம். இப்ப உங்களுக்கும் ஆசை வந்துடுச்சு. நீங்க இனிமே லாயக்கில்ல.”

நியாயம்தான். அப்படியானால் வேறு யார்? ஒன்றும் தெரியாத ஆள் வேண்டும். எதற்கும் ஆசைப்படாத ஆள் வேண்டும். ஒரு நூல் அளவுகூட விட்டுக்கொடுக்காத ஆள் வேண்டும்.

வாசல் கேட் திறந்தது. மீன் பையோடு எங்கள் வீட்டுக்காரர்.

நானும் ரம்யாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சர்வே டிபார்ட்மென்டில் காலமெல்லாம் எல்லைக்கல் அளந்த மனுஷன். ஒரு தடவை என் சொந்த அண்ணன் மனைக்கே அரை அடி குறைத்து எழுதிவிட்டு, மூன்று தீபாவளிக்கு எங்களைப் பேச்சு வார்த்தை இல்லாமல் வைத்தவர்.

ஃபாத்திமா எல்லா நம்பரையும் கலைத்துப் போட்டு மறுபடி அனுப்பினாள். ரம்யா விதியைச் சொன்னாள். இவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“அங்கிள், இது எதுக்குன்னா—”

“சொல்லாதம்மா. யாரோட இடம்னு தெரிஞ்சா அளவு கெட்டுடும்.”

அவள் மூன்று வருஷமாகப் படித்ததை இவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். என் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று ரம்யா என்னைச் சமையலறைக்குத் துரத்திவிட்டாள். மீனை ஆய்ந்துகொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தேன். நடுவில் ஒரே ஒரு குரல்தான் கேட்டது. “இவன் ஒருத்தன் வேலி தாண்டி நிக்கறான். இவனை எடுக்கக் கூடாதில்ல? சரி.” என்ன மனுஷன்!

ஒன்றரை மணி நேரம். கடைசிப் படம் முடிந்தது. பட்டியல் வந்தது. ரம்யா அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகத் தட்டினாள். நான் மீன் கையோடு வந்து பின்னால் நின்றேன்.

“மிஸ்...”

“சொல்லேன்டி!”

“ஆயித்து மிஸ்! வந்துடுச்சு! ஜீனை அமுக்கின ஒன்பதும் திறந்தே இருக்கு! மூணாவது தடவையும் வந்துடுச்சு!”

அப்படியே என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். மீன் செதில் அவள் தலையெல்லாம். ஃபாத்திமா ஃபோனில் கத்தியது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் நிதானமாக, “யாருக்குத் தீர்ப்பு ஆச்சு?” என்று கேட்டார்.

கொஞ்சம் அடங்கியதும் நான் கேட்டேன். “அப்ப இதுக்கு மருந்து வந்துடுமா ரம்யா?”

“தெரியாது மிஸ். இது தட்டுல இருக்கிற செல்லு. உடம்புல என்ன செய்யும்னு பார்க்க இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும். வராமலும் போகலாம்.”

அதையும் அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆஸ்பத்திரி நாட்களில் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் “ஒண்ணும் ஆகாது” என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தர் சொன்னதையும் நான் நம்பவில்லை. இவள் “தெரியாது” என்கிறாள், எனக்கு நம்பிக்கையாக இருக்கிறது. ஆசைப்பட்ட கண்ணை நம்பாமல், எங்கள் வீட்டுக்காரர் கண்ணைக் கடன் வாங்குகிறவர்கள் கையில் அல்லவா இந்த நோய் மாட்டியிருக்கிறது?

ரம்யாவிடம் ஒரு படம் கேட்டு வாங்கி ஃபோனில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டேன். இரண்டு கரை, நடுவில் அகலமான வெற்றுப் பாதை. நேற்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்மணி எட்டிப் பார்த்து, “எந்த ஊர் ஆறுங்க இது?” என்றார்.

“ஆறு இல்லைங்க, என் எதிரிங்க. ஒரு நாள் பூரா டைம் குடுத்தும் ஒருத்தராலயும் தாண்ட முடியல” என்றேன்.