கிளினிக் வாசலில் நின்ற மாலைகள்

எண்பதுகளின் நடுவில், வேதியியல் பட்டம் வாங்கிய கையோடு எனக்கு ஒரு மருந்து கம்பெனியில் மெடிக்கல் ரெப் வேலை கிடைத்தது. மேற்குத் தாம்பரத்தில் மாடியறை ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். பல்லாவரம், குரோம்பேட்டை, பம்மல், தாம்பரம் இவையெல்லாம் என் எல்லை. கழுத்தில் டை, கையில் கனமான தோல் பை. டாக்டர்களைப் பார்த்து, எங்கள் மருந்து எதற்கு நல்லது என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு, சாம்பிள் கொடுத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த இரண்டு நிமிடம்தான் எனக்கு வரவில்லை. சொல்ல வேண்டியதை அறைச் சுவரைப் பார்த்து ஒரு பிழையுமில்லாமல் சொல்வேன். கிளினிக் கதவில் கை வைத்ததும் நாக்கு உலர்ந்துவிடும். காலையில் டை கட்டும்போதே குமட்ட ஆரம்பித்தது. சாயங்காலம் நோயாளிகளோடு காத்திருக்கையில், பின்னால் வந்த ரெப்புகளையெல்லாம் முன்னால் அனுப்பிவிடுவேன். சில நாள் டாக்டர் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்வரை அப்படியே நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். பம்மலில் ஒரு கம்பவுண்டர் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கேட்டார்: "இன்னா சார், தூணாட்டம் நின்னுகினு கீற? உள்ள போயிட்டு வா சார்."

அந்த வாசல்களில்தான் எனக்கு ஒரு நண்பன் கிடைத்தான். அவன் வேறு கம்பெனி ரெப். எங்கள் மருந்துக்குப் போட்டியான மருந்தைத்தான் விற்றான். ஆனாலும் ஒரே வாசலில் தினமும் காத்துக் கிடப்பவர்களுக்குள் போட்டி என்ன வேண்டியிருக்கிறது? அவனுக்கும் எனக்கும் ஒரே வெயில், ஒரே டாக்டர்கள், ஏறக்குறைய ஒரே பை. அவனோ சாயங்காலம் ஆக ஆகத் தெளிந்துகொண்டே போனான். எந்த டாக்டரின் மகளுக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது, எந்த மருந்துக் கடைக்காரர் குன்றத்தூர் கோயிலில் மொட்டை போட்டார், எல்லாம் அவனுக்குத் தெரியும். நான் கடைசி கிளினிக்கை விட்டு வரும்போது ஜுரம் விட்டவன்போல இருப்பேன். அவன் அப்போதுதான் டீ குடிக்கப் போகலாம் என்பான்.

"உள்ள போறது எனக்குக் கல்யாண வீட்டுக்குப் போற மாதிரிடா. நீ ஏன் பரீட்சைக்குப் போற மாதிரி போற?" என்று ஒருமுறை கேட்டான். கேலியாக அல்ல. அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை.

மாதம் ஒருமுறை என் மேனேஜர் கூடவே சுற்றுவார். குரோம்பேட்டையில் ஒரு டாக்டர் முன்னால் பேசிக்கொண்டிருந்தபோதே எனக்கு எங்கள் மருந்தின் பெயர் மறந்துபோனது. மேனேஜர் மீதியைச் சொல்லி முடித்தார். வெளியே வந்ததும் கோபப்படாமல்தான் சொன்னார்: "கெமிஸ்ட்ரி எல்லாம் நல்லாத் தெரியுது உங்களுக்கு. பர்சனாலிட்டியைத்தான் கொஞ்சம் டெவலப் பண்ணிக்கணும்."

மீசை வளர்ப்பதுபோல அதையும் வளர்த்துவிடலாம் என்று அப்போது நினைத்தேன். கண்ணாடி முன் நின்று நண்பனைப்போலச் சிரித்துப் பழகினேன். அவன் ஒரு டாக்டரிடம் சொல்லி அவரைக் குலுங்கக் குலுங்கச் சிரிக்க வைத்த ஜோக்கை, தாம்பரம் மார்க்கெட் பக்கத்திலிருந்த இன்னொரு டாக்டரிடம் அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மேலே ஏதாவது வரும் என்று காத்திருந்தார். பிறகு சாம்பிளை வாங்கி மேஜையின் இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார். அன்று பஸ் ஏறாமல் அறைவரை நடந்தே போனேன். பேச்சு வராததைவிட, அடுத்தவன் பேச்சு என் வாயிலிருந்து வந்ததுதான் அதிகமாகக் கூசியது.

இரண்டாவது வருடம், பல்லாவரத்தில் ஒரு பெண் டாக்டர், நான் மருந்து விவர அட்டையை நீட்டியபோது அட்டையைப் பார்க்காமல் கையைப் பார்த்தார். உட்காரச் சொல்லி நாடி பிடித்தார். சாப்பாடு, தூக்கம் எல்லாம் விசாரித்தார். காலையில் குமட்டுவதைச் சொன்னேன். வேலை நாட்களில் மட்டும்தான் குமட்டுகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"ஞாயித்துக்கிழமை சரியாயிடற வியாதிக்கு எங்கிட்ட மருந்து கிடையாதுப்பா" என்றார். பிறகு அடுத்த நோயாளியை வரச் சொல்லும்படி என்னிடமே சொன்னார்.

சில மாதங்களில் வேலையை விட்டேன். செங்கல்பட்டுப் பாதையில் ஒரு சிறிய மருந்துத் தொழிற்சாலையில், பரிசோதனைக் கூடத்துக்கு ஆள் எடுத்தார்கள். சம்பளம் குறைவு, டை கிடையாது. வீட்டில் அம்மாவுக்கு வருத்தம். நண்பன் மட்டும், "உனக்கு அதுதான் சரி மச்சான்" என்றான்.

சரியாகத்தான் இருந்தது. கூடத்தில் என்னோடு இன்னும் ஒருவர்தான். அவரும் அதிகம் பேசாதவர். கண்ணாடிக் குழாயிலிருந்து திரவம் சொட்டுச் சொட்டாகக் குடுவைக்குள் விழும். எந்தச் சொட்டில் நிறம் இளஞ்சிவப்பாக மாறுகிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். மற்றவர்களுக்குக் கழுத்து வலிக்கும், சலிப்பு வரும் என்றார்கள். எனக்கு மத்தியானச் சங்கு ஊதுவதே காதில் விழாது. குமட்டல் எப்போது நின்றது என்றுகூடக் கவனிக்கவில்லை. சில வருடம் கழித்து நிர்வாகம் என்னைப் பத்துப் பேருக்கு மேற்பார்வையாளராக்க முன்வந்தபோது, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

நான் எதிர்பார்க்காதது ஒன்றுதான். கிளினிக் வாசல்களை வெறுத்தேனே தவிர, என் சாயங்காலங்களில் இருந்த மனிதர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். இப்போது ரயிலிலிருந்து இறங்கி, பாலம் ஏறி, அறைக்கு வந்தால் பேச யாருமில்லை. வேலை பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ளக்கூட ஆளில்லை. நண்பன் முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். அப்புறம் பண்டிகைக்கு வந்தான். அவனைத் திருச்சிக்கு மாற்றினார்கள். அவன் கல்யாணத்துக்குப் போனேன். அவனைச் சுற்றி அத்தனை கூட்டம். பரிசைக் கொடுத்து, சாப்பிட்டுவிட்டு ரயிலேறினேன். எனக்குக் கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து நின்றுபோனது. பெண் வீட்டில் பையன் பேசவே மாட்டேன் என்கிறான் என்றார்களாம்.

தொண்ணூறுகளில் ஒருநாள், நான் வேலை முடிந்து வரும்போது நண்பன் தொழிற்சாலை வாசலில் நின்றிருந்தான். உடம்பு போட்டிருந்தது. காவலாளியோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். டீக்கடைக்கு நடக்கும்போது, "பாவம்டா அவரு. பொண்ணைக் கட்டிக் குடுத்து ஒரு மாசம் ஆகுதாம், வீடே வெறிச்சுனு கெடக்குதுங்கறாரு" என்றான்.

நான் தினமும் காலையிலும் மாலையிலும் தலையசைத்துவிட்டுப் போகும் மனிதர் அவர். அவருக்குப் பெண் இருப்பதே எனக்குத் தெரியாது. நண்பனிடம் அதைச் சொல்லவில்லை. அவன் பிள்ளைகளைப் பற்றியும் புது வீட்டைப் பற்றியும் சொன்னான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவனோடு எப்போதும் அது சுலபமாகவே இருந்தது. ரயில் வந்ததும் கையை இறுக்கிப் பிடித்துவிட்டு ஏறினான்.

மறுநாள் காலையில் வாசலில் நின்றேன். "பொண்ணு எப்டி இருக்காங்க?" என்று காவலாளியிடம் கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. "நல்லாக்கீது சார். உங்க ஃப்ரெண்டு சொன்னாரா?"

"ஆமா" என்றேன். அவர் மேலே எதையோ எதிர்பார்த்து நின்றார். நான் தலையசைத்தேன். அவரும் தலையசைத்தார். உள்ளே போய்க் குடுவைகளைக் கழுவ ஆரம்பித்தேன்.