பட்டியலில் இல்லாத பெட்டி

சுவிசுக்குக் குடிபோகிறவர் தன் வீட்டுச் சாமான் ஒவ்வொன்றையும் பட்டியல் எழுதி, எல்லையில் சுங்கத்துக்குக் காட்டி முத்திரை வாங்கவேண்டும். ஆறு மாதமாவது பாவித்த சாமான் என்றால் வரி இல்லை. இது தெரியவந்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஜேர்மனியில், சுவிஸ் எல்லையிலிருந்து அரை மணித்தியாலத் தூரத்தில், இருபத்தைந்து வருடம் இருந்துவிட்டு, இரண்டாம் கலியாணம் கட்டி சுவிசிலுள்ள பீல் நகரத்துக்குப் போகவிருந்தேன்.

கட்டியவர் பீலில் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். மனைவியை இழந்தவர். என் கணவர் இறந்து ஏழு வருடமாகியிருந்தது. சொந்தக்காரர் ஒருவர் பேசி வந்த கலியாணம். கலியாணப் பதிவு முடிந்ததும் அவர் பீலுக்குத் திரும்பிப் போய் என் வதிவிட அனுமதிக்கு எழுதிப் போட்டார். நான் ஜேர்மனியில் வேலையையும் வாடகை வீட்டையும் விடுவதாக மூன்று மாத அறிவித்தல் கொடுத்தேன். அந்த மூன்று மாதமும் தொலைபேசியில் கதைத்தோம், பெரும்பாலும் படிவங்களைப் பற்றி.

பட்டியலை எழுதியவர் அவர்தான். கரண்டி எத்தனை என்று கேட்டார்.

“ஒரு பத்துப் பதினைஞ்சு இருக்கும்.”

“பத்தோ, பதினைஞ்சோ?”

எழும்பிப் போய் எண்ணினேன். பதினான்கு. நாள் முழுக்க உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு மணல் பருக்கை அளவு ஆணிகளைப் பூட்டுகிற மனிதரைக் கட்டியிருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது. பட்டியல் நான்கு பக்கம் வந்தது. இடியப்ப உரலுக்கு ஜேர்மன் சொல் கிடைக்காமல், ‘மா பிழியும் கருவி, மரம், ஒன்று’ என்று எழுதினார்.

குடிபோகும் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. வாடகை வானில் இருபத்துமூன்று பெட்டிகளை ஏற்றினோம். ஒவ்வொன்றிலும் எண் போட்டிருந்தார். எல்லையில் சுங்க அதிகாரி ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். எங்கள் தாள்களை மழைபடாமல் பிடித்தபடி ஜேர்மனில் கேட்டார்.

“நிரந்தரமாகக் குடிவருகிறீர்களா?”

ஆம் என்றேன். அனுமதி முதலில் ஐந்து வருடத்துக்குத்தான். ஆனால் கேள்வி அப்படித்தான் இருந்தது.

“இவர்?”

“கணவர்.”

“எவ்வளவு காலமாகச் சேர்ந்து வாழ்கிறீர்கள்?”

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். “இன்று காலை எட்டரையிலிருந்து” என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை.

அதிகாரி வானின் பின்கதவைத் திறக்கச் சொல்லிப் பெட்டிகளை எண்ணினார். இருபத்துநான்கு வந்தது. திரும்பவும் எண்ணினார். எண் போடாத பெட்டி ஒன்று, கதவோரமாக இருந்தது.

அதை வைத்தவள் நான்தான். காலையில் அவர் என் வாடகை வீட்டுத் திறப்புச் சாவியை உரிமையாளரிடம் ஒப்படைக்கப் போயிருந்தபோது, குப்பையில் போடுவதற்கென்று கீழே தூக்கிக்கொண்டு வந்தேன். வான் கதவு திறந்து கிடந்தது. வைத்துவிட்டேன்.

அதிகாரி மூடியைத் திறந்தார். என் முதல் கணவரின் மண்ணிறச் சப்பாத்து, மூக்குக்கண்ணாடி, நீலச் சுவெட்டர், சவரத் தூரிகை.

“இவை யாருடையவை?”

“என் கணவருடையவை” என்றேன். அது பொய்யல்ல.

அதிகாரி சப்பாத்தைத் திருப்பி அடியைப் பார்த்தார். நாற்பத்தைந்தாம் அளவு. பிறகு பக்கத்தில் நின்றவரின் கால்களைப் பார்த்தார். அவர் சிறிய மனிதர், நாற்பது போடுகிறவர். அவரும் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பெட்டியையே மறைத்தவளோடு இவர் எப்படி வாழப்போகிறார் என்று நினைத்தேன்.

“என்னுடையவை” என்றார் அவர்.

“பாவித்தவையா?”

“பாவித்தவை. ஆறு மாதத்துக்கு மேல்.”

பிறகு சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, பட்டியலின் கடைசிப் பக்கத்தில் ‘பெட்டி 24’ என்று எழுதினார். சப்பாத்து, ஆண், ஒரு சோடி. மூக்குக்கண்ணாடி, ஒன்று. என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

“தூரிகை ஒண்டோ, ரெண்டோ?”

“ஒண்டுதான்.”

ஒன்று என்று எழுதினார். மற்றப் பிரதியிலும் அதையே எழுதினார். அதிகாரி இரண்டிலும் முத்திரை குத்தி, “வாழ்த்துகள்” என்று சொல்லி எங்களை அனுப்பினார்.

வான் விண்டர்தூர் நகரத்தைத் தாண்டியது.

“சொல்லியிருக்கலாம் நீர்” என்றார். அதுவரை என்னை ‘நீங்கள்’ என்றுதான் கூப்பிட்டு வந்தார்.

“எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை.”

“சொல்லியிருந்தா நம்பர் போட்டிருப்பன்.”

இன்னும் கொஞ்சத் தூரம் போனதும் அவரே சொன்னார்.

“வீட்டிலை என்னட்டையும் ரெண்டு பெட்டி கிடக்கு. அவவின்ர. நான் ஒரு எல்லையும் தாண்டேல்லை, அதாலை ஒருத்தரும் திறந்து பாக்கேல்லை.”

எனக்கு அழுகை வந்தது. அவர் அடுத்த தரிப்பிடத்தில் வானை நிறுத்தி, இரண்டு கோப்பி வாங்கிக்கொண்டு வந்தார். என் கோப்பியில் சீனி இல்லை. எனக்குச் சீனி வேண்டும் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. சொன்னேன். திரும்பிப் போய் எடுத்து வந்தார்.

அடுத்த வாரம் நகரசபையில் பதிந்தோம். பீலில் இரண்டு மொழி என்பதால், கடிதங்கள் ஜேர்மனிலா பிரெஞ்சிலா வரவேண்டும் என்று கேட்டார்கள். ஜேர்மன் என்றேன். மூன்று வாரத்தில் அனுமதி அட்டை தபாலில் வந்தது. படத்தில் பயந்துபோன ஒரு பெண் இருந்தாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, பெயர், பிறந்த திகதி, முகவரி எல்லாம் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார்.

“பிழை ஒண்டும் இல்லை” என்றார்.